கழிவுநீர்க் கசடில் சுட்ட செங்கல்
மெல்பர்ன், ஆஸ்திரேலியா

இந்தச் செங்கல்லில் நான்கில் ஒரு பங்கு நகரத்தின் கழிவுநீரிலிருந்து வந்தது. சுத்திகரிப்பு நிலையத்தில் நீர் பிரிந்தபின் அடியில் தங்கும் கசடைப் பதப்படுத்தி, உலர்த்திக் குவிக்கிறார்கள். உலகெங்கும் சேரும் இத்தகைய கசடில் சுமார் 30 சதவீதம் குவியலாகக் கிடக்கிறது, அல்லது மண்ணில் புதைக்கப்படுகிறது. ஆர்எம்ஐடி பல்கலைக்கழகத்தில் அப்பாஸ் மொஹாஜெரானியின் குழு அதைக் களிமண்ணோடு 10 முதல் 25 சதவீதம் வரை கலந்து சுட்டு, 2019இல் முடிவுகளை வெளியிட்டது.

வெட்டு முகத்திலுள்ள நுண்துளைகளைப் பாருங்கள். கசடிலுள்ள கரிமப் பொருள் சூளைக்குள் தானே எரிபொருளாகிறது; அது எரிந்து தீர்ந்த இடம் துளையாகிறது. அதனால் 25 சதவீதக் கலவையைச் சுட, வழக்கமான செங்கல்லுக்கு ஆகும் ஆற்றலில் ஏறக்குறையப் பாதியே போதும். கல்லின் எடையும் குறைகிறது, வெப்பமும் எளிதில் ஊடுருவாது. அதே துளைகள் வலிமையையும் குறைக்கின்றன. ஆனாலும் சோதனையில் மிகக் குறைந்த அளவே 12 மெகாபாஸ்கல். சாதாரணச் சுவருக்கு அது தாராளம்.

கசடிலுள்ள கன உலோகங்கள் கசியுமா என்பதுதான் பெரிய கேள்வி. சுடும்போது அவற்றில் பெரும்பகுதி மண்ணோடு இறுகிவிடுகிறது. ஆனால் கசடின் தன்மை ஊருக்கு ஊர் மாறும். ஒவ்வொரு நிலையத்தின் கசடையும் தனியே சோதித்த பிறகே சூளைக்கு அனுப்ப வேண்டும்.