பேச்சு மட்டும் எங்கே போயிற்று?

விடுமுறை நாள். வீட்டுக் கணிப்பொறியில் ஒரு திரைப்படத்தை ஓடவிட்டு எல்லோருமாக உட்கார்ந்து பார்க்கிறீர்கள். பின்னணி இசை முழங்குகிறது. மழை கொட்டும் ஓசை தெளிவாகக் கேட்கிறது. ஆனால் கதாநாயகன் வாயைத் திறந்தால், கிணற்றுக்குள்ளிருந்து முணுமுணுப்பது போல் இருக்கிறது. "ஸ்பீக்கர் போய்விட்டது. புதிதாக வாங்க வேண்டியதுதான்" என்கிறார் அப்பா.

சற்றுப் பொறுங்கள்! பணத்தைச் செலவிடும் முன் கொஞ்சம் யோசிப்போம்.

ஸ்பீக்கருக்குப் பேச்சு எது, இசை எது என்று பிரித்தறியத் தெரியுமா? தெரியாது. கம்பிச் சுருளில் மின்னோட்டம் மாறுவதற்கேற்ப அதன் கூம்பு அதிர்கிறது, அவ்வளவுதான். அது கெட்டிருந்தால் இசையும் அல்லவா கெட்டிருக்க வேண்டும்? ஆகவே பேச்சு, ஸ்பீக்கரை அடையும் முன்பே எங்கோ காணாமற் போயிருக்கிறது. அது வரும் வழியில் தேடிப் பார்ப்போம்.

பின் செய்யும் கழித்தல் கணக்கு

ஸ்டீரியோ முறையில் இடம், வலம் என இரண்டு ஒலித்தடங்கள் உண்டு. வயலின் இடப்பக்கம் ஓங்கியிருக்கலாம்; மிருதங்கம் வலப்பக்கம் ஓங்கியிருக்கலாம். மனிதக் குரலை மட்டும் பெரும்பாலும் இரண்டு தடங்களிலும் சம அளவில் பதிவு செய்கிறார்கள். அதனால்தான் குரல் நடுவிலிருந்து வருவது போல் நமக்குத் தோன்றுகிறது.

ஹெட்போனின் பின்னை எடுத்துப் பாருங்கள். சாதாரண பின்னில் கறுப்பு வளையங்களால் பிரிக்கப்பட்ட மூன்று உலோகப் பகுதிகள் இருக்கும். முனை இடத் தடத்துக்கு. நடுப்பகுதி வலத் தடத்துக்கு. அடிப்பகுதி, இரண்டு மின்னோட்டங்களும் திரும்பிச் செல்லும் பொதுப் பாதை.

பின் சரியாக உட்காராமல் இந்தப் பொதுப் பாதை மட்டும் அறுந்தால் என்ன ஆகும்? திரும்ப வழியில்லாத மின்னோட்டம், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கே பாயும். அப்போது காதில் விழுவது இரண்டு தடங்களின் வேறுபாடு மட்டுமே. கணக்காகவே எழுதலாம்:

இடம் = குரல் + வயலின்
வலம் = குரல் + மிருதங்கம்
இடம் − வலம் = வயலின் − மிருதங்கம்

குரல் மறைந்துவிட்டது! வயலினும் மிருதங்கமும் மிஞ்சின.

இதை நீங்களே சோதிக்கலாம். ஒலியளவைக் குறைத்துக்கொண்டு ஹெட்போனில் ஒரு ஸ்டீரியோ பாட்டைக் கேளுங்கள். பின்னை மெல்ல மெல்ல, ஓரிரு மில்லிமீட்டர் வெளியே இழுங்கள். ஏதோ ஓர் இடத்தில் பாடகர் பின்வாங்கி, வாத்தியங்கள் மட்டும் முன்னே நிற்பதைக் கேட்கலாம். எல்லாச் சாக்கெட்டுகளிலும் அந்த இடம் எளிதில் அகப்படாது. பொறுமையாகத் தேட வேண்டும்.

ஆறு தடங்கள், இரண்டு ஸ்பீக்கர்கள்

பின் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் படத்தின் மீது. 1940இல் வெளிவந்த டிஸ்னியின் 'ஃபேண்டேஸியா' படத்திலேயே இடம், நடு, வலம் என மூன்று தடங்களைப் பயன்படுத்தினார்கள். 1992இல் வந்த 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்துடன் டால்பி டிஜிட்டல் முறை திரையரங்குகளுக்கு வந்தது. இதை '5.1' என்கிறோம். முன்னே மூன்று, பக்கவாட்டில் இரண்டு, ஆக ஐந்து தடங்கள்; அடிநாத அதிர்வுகளுக்கு மட்டும் தனியே ஒன்று. வசனம் பெரும்பாலும் நடுத்தடத்தில்தான் இருக்கும்.

உங்கள் மேசைமீது இருப்பவையோ இரண்டே ஸ்பீக்கர்கள். கணிப்பொறியில் '5.1' என்று தவறாகக் குறித்து வைத்திருந்தால், அது வசனத்தை இல்லாத நடு ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும்! ஒலி அமைப்புப் பகுதியில் 'ஸ்டீரியோ' என்று மாற்றுங்கள். அப்போது நடுத்தடம் ஏறத்தாழ 0.7ஆல் பெருக்கப்பட்டு இரண்டு பக்கமும் சேர்க்கப்படும். ஏன் 0.7? ஒலியின் திறன் வீச்சின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.7 × 0.7 = 0.49. அதாவது, பக்கத்துக்குப் பாதித் திறன்!

குற்றவாளி இவ்விருவரில் யார் என்று அறிய ஒரே சோதனை போதும். அதே ஸ்பீக்கரில் ஒரு ஸ்டீரியோ பாட்டைப் போடுங்கள். பாடகர் குரலும் மறைந்தால் குற்றம் பின்னிலோ கம்பியிலோ இருக்கிறது. பாட்டு சரியாகக் கேட்டு, படத்தில் மட்டும் வசனம் மறைந்தால் தடங்களின் அமைப்பைப் பாருங்கள்.

ஒலியே இல்லை என்றால்?

படம் மட்டும் ஓடுகிறது, ஓசையே இல்லை என்பது வேறு நோய். எம்.பி.4, எம்.கே.வி. என்பவை வெறும் பெட்டிகளின் பெயர்கள். பெட்டிக்குள் படமும் ஒலியும் தனித்தனியே சுருக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒலியைச் சுருக்கும் முறைகள் பல: ஏ.ஏ.சி., ஏ.சி.-3, டி.டி.எஸ். என்று. அந்த முறையை விரிக்கத் தெரியாத மென்பொருள் ஊமைப்படம் காட்டும். பல முறைகளையும் தன்னுள்ளேயே கொண்ட வி.எல்.சி. போன்ற மென்பொருளில் அதே படத்தைப் போட்டுப் பாருங்கள்.

ஆக, நண்பர்களே, பழுது பார்ப்பதும் ஓர் அறிவியல் சோதனைதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் என்ன மாறியது என்று கவனியுங்கள். ஸ்பீக்கர் வாங்க எடுத்து வைத்த பணம் அப்பாவின் பையிலேயே இருக்கும்.

முடிவாக ஒரு கேள்வி. இடம், வலம் இரண்டிலும் ஒரே ஒலி பதிவான பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை, பொதுப் பாதை அறுந்த பின்னுடன் போட்டால் என்ன கேட்கும்? மேலே எழுதிய கழித்தல் கணக்கை மீண்டும் போட்டுப் பாருங்கள்!