ஒரு வாய் பால்கூட ஏன் கூடாது?

உங்கள் மூன்று வயதுப் பிள்ளைக்கு நாளை காலை குடலிறக்க அறுவைச் சிகிச்சை என்று வைத்துக்கொள்வோம். சின்ன அறுவைதான், எல்லாம் சரியாக இருந்தால் அன்றே வீட்டுக்குத் திரும்பலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கோலா சாவா, ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே கிளம்ப வேண்டியிருக்கும். பிள்ளை அரைத் தூக்கத்தில் எழுந்து, "அம்மா, மைலோ" என்று கேட்கும். பாட்டிக்கு மனம் தாங்காது. "பாவம், பச்சைப் பிள்ளை. ஒரு வாய் கொடுத்தால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்பார்.

என்ன ஆகும் என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

மயக்கம் என்பது தூக்கம் அல்ல

சாப்பிடும்போது புரையேறினால் தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறார்கள்" என்று சொல்கிறோம். உண்மையில் அது உடலின் காவல் வேலை. நம் தொண்டையில் உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு பருக்கையோ ஒரு துளி நீரோ மூச்சுக்குழாய்ப் பக்கம் போனால், உடனே இருமல் வந்து அதை வெளியே தள்ளிவிடும். நாம் தூங்கும்போதும் இந்தக் காவல் ஓரளவு விழித்தே இருக்கிறது.

மயக்க மருந்து கொடுத்தபின் அப்படி இல்லை. இருமலும் விழுங்குதலும் நின்றுவிடுகின்றன. இரைப்பையின் வாயை இறுக்கிப் பிடித்திருக்கும் தசையும் தளர்கிறது. வயிற்றில் ஏதாவது இருந்தால் அது மேலேறித் தொண்டைக்கு வரலாம். அங்கிருந்து நுரையீரலுக்குள் இறங்கினால் தடுக்க இருமல் இல்லை. திட உணவு மூச்சுக்குழாயை அடைத்துவிடும். திரவமாக இருந்தாலும் அதோடு கலந்துள்ள இரைப்பை அமிலம் நுரையீரலின் மென்மையான திசுவைப் புண்ணாக்கும்.

இதைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர் நியூயார்க்கைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் கர்டிஸ் மெண்டல்சன். 44,016 பிரசவங்களின் பதிவுகளை ஆராய்ந்து 1946-இல் கட்டுரை வெளியிட்டார். அவற்றில் 66 தாய்மார்களுக்கு மயக்கத்தின்போது வயிற்றில் இருந்தது நுரையீரலுக்குள் போயிருந்தது. இறந்த இருவரும் திட உணவு அடைத்து மூச்சுத் திணறியவர்கள். மயக்கத்துக்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்ற விதி உலகெங்கும் இறுகியதற்கு அந்தக் கட்டுரை ஒரு முக்கியக் காரணம்.

பால் ஏன் தண்ணீர் போல் அல்ல?

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். அரைக் குவளை வெதுவெதுப்பான பாலில் ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறு விடுங்கள். சிறிது நேரத்தில் பால் திரிந்து கட்டி கட்டியாகும். இரைப்பை அமிலமும் பாலை இப்படித்தான் திரிக்கிறது. பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் கட்டியாகி, மெதுவாகவே கரைந்து குடலுக்குப் போகும். ஆகவே குவளையில் திரவமாக இருக்கும் பால், வயிற்றில் ஏறக்குறைய திட உணவு. மைலோவும் பால் கலந்த தேநீரும் இதே கணக்கில்தான் சேரும். தாய்ப்பாலில் கேசீன் குறைவு என்பதால் அது சீக்கிரம் செரிக்கிறது. வெறும் தண்ணீர் இரைப்பையில் அதிக நேரம் தங்குவதில்லை.

பல மருத்துவமனைகள் பின்பற்றும் 6-4-2 என்ற விதி இதிலிருந்து வந்ததுதான். சோறு, ரொட்டி, பிஸ்கட், பசும்பால், மாவுப்பால் ஆகியவற்றை மயக்கத்துக்கு 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம். தண்ணீர், சக்கை இல்லாத ஆப்பிள் சாறு போன்ற தெளிந்த பானங்களுக்கு 2 மணி நேரம். காலை 8 மணிக்கு அறுவை என்றால், மாவுப்பால் அதிகாலை 2 மணியோடு சரி. தாய்ப்பால் 4 மணி வரை, தண்ணீர் 6 மணி வரை. சில நாடுகளில் குழந்தைகளுக்குத் தெளிந்த பானத்தை ஒரு மணி நேரம் முன்பு வரைகூட அனுமதிக்கிறார்கள். உங்கள் மருத்துவமனை எழுதிக் கொடுத்த நேரம் எதுவோ, அதுவே உங்களுக்கு விதி.

மருத்துவமனைத் தாளில் 'புவாசா' என்று எழுதியிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். நோன்புக்கு முன் விடியற்காலையில் சாப்பிடுவது போல, "கிளம்பும் முன் நன்றாகச் சாப்பிட வைத்துவிடலாம்" என்று எண்ணிவிடக் கூடாது. எந்த மணிக்கு எது நிற்க வேண்டும் என்று தாதியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அதிகப் பட்டினியும் வேண்டாம்

"எதற்கும் இருக்கட்டும்" என்று முதல் நாள் இரவு ஏழு மணியோடு எல்லாவற்றையும் நிறுத்திவிடும் பெற்றோரும் இருக்கிறார்கள். அதுவும் சரியல்ல. சிறு பிள்ளையின் கல்லீரலில் சேமித்திருக்கும் சர்க்கரை குறைவு, செலவோ அதிகம். நீண்ட பட்டினியில் சர்க்கரை இறங்கும், உடலில் நீர் வற்றும், ஊசி போட நரம்பு கிடைப்பதுகூடச் சிரமமாகும். அனுமதித்த நேரம் வரை தண்ணீர் கொடுங்கள். சிறு குழந்தைகளின் அறுவைகளைப் பெரும்பாலும் காலையில் முதலில் வைப்பதும் இதனால்தான்.

மறைக்காமல் சொல்லுங்கள்

இவ்வளவு கவனித்தும், அண்ணன் கையிலிருந்த பிஸ்கட்டைப் பிள்ளை பிடுங்கித் தின்றிருக்கலாம். பாட்டி ஒரு வாய் கொடுத்திருக்கலாம். அப்போது "சொன்னால் இன்றைக்கு அறுவை நடக்காதே, லீவு எடுத்தது வீணாகுமே" என்று தோன்றும். தயவுசெய்து சொல்லிவிடுங்கள். வயிற்றில் என்ன இருக்கிறது என்று மருத்துவர் வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது எளிதல்ல. அவர் பெரும்பாலும் உங்கள் வார்த்தையை நம்பித்தான் மருந்து கொடுக்கிறார். சொன்னால் அறுவை சில மணி நேரமோ சில நாளோ தள்ளிப்போகும். அவசர அறுவையாக இருந்தால், நிறைந்த வயிறுக்கென்றே அவர்களிடம் தனி முறை இருக்கிறது. சொல்லாமல் விட்டால் அந்தப் பாதுகாப்பு பிள்ளைக்குக் கிடைக்காது.

சளி, இருமல், காய்ச்சலையும் இப்படியே சொல்லுங்கள். சளி பிடித்த மூச்சுக்குழாய், மயக்க மருந்து பட்டால் சுருங்கிக்கொள்ளக்கூடும். கைக்குழந்தையின் உடல், கிலோ எடைக்குக் கணக்கிட்டால், பெரியவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு ஆக்சிஜனைச் செலவிடுகிறது. மூச்சு சிறிது தடைப்பட்டாலும் இரத்தத்தில் ஆக்சிஜன் வேகமாக இறங்கும். ஆடும் பல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அது விழுந்து மூச்சுக்குழாய்க்குள் போகக் கூடாது.

கொலுசு, வளையல், அரைஞாண், தாயத்து எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். இரத்தக் கசிவை நிறுத்த மின்சாரக் கருவியைப் பயன்படுத்தும்போது உலோகம் பட்ட தோல் சுடக்கூடும். நகப்பூச்சையும் துடைத்துவிடுங்கள். 1974-இல் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி வகுத்த தத்துவத்தில் இயங்கும் கருவியை விரலில் மாட்டுவார்கள். அது சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்தி ஆக்சிஜனை அளக்கிறது. நகத்தில் அடர் நிறப் பூச்சு இருந்தால் அளவு தவறலாம்.

அந்தச் சில நிமிடங்கள்

முகமூடி வழியே மருந்தை மூச்சில் இழுக்கும்போது சில பிள்ளைகள் கை கால் உதறுவார்கள், கண் மேலே செருகும். அருகில் நிற்கும் தாய்க்கு அடிவயிறு கலங்கும். மயக்கம் ஆழமாகும் வழியில் வரும் ஒரு கட்டம் அது. பிள்ளைக்குப் பின்னால் நினைவிருக்காது.

கண் விழிக்கும்போதும் சில பிள்ளைகள் வீரிட்டு அழுவார்கள், அம்மாவைக்கூட அடையாளம் தெரியாததுபோல் தள்ளுவார்கள். பள்ளிக்குப் போகாத வயதில் இது அதிகம். மூளையின் பகுதிகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளாததால் வரும் குழப்பம் என்று கருதுகிறார்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அதுவரை பிள்ளை கட்டிலிலிருந்து விழாமல் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசுங்கள். வலியாகவும் இருக்கலாம் என்பதால் தாதியிடம் சொல்லுங்கள்.

"குழந்தைதானே, வலி தெரியாது" என்று மருத்துவர்களே நம்பிய காலம் உண்டு. இந்தியாவில் மருத்துவம் படித்து ஆக்ஸ்பர்டில் ஆய்வு செய்த கே.ஜே.எஸ். ஆனந்த், 1987-இல் அந்த நம்பிக்கையை அசைத்தார். குறைமாதக் குழந்தைகளுக்குக்கூட, அறுவையின்போது வலிநீக்கி கொடுத்தால் உடலின் அதிர்ச்சி குறைந்து பின்விளைவுகளும் குறைகின்றன என்று அவர் குழு காட்டியது. ஆகவே வீட்டுக்கு வந்தபின் மருத்துவர் எழுதிய வலி மருந்தை, பிள்ளை அழும்வரை காத்திராமல், சொன்ன நேரத்தில் சொன்ன அளவில் கொடுங்கள். அளவு வயதை வைத்தல்ல, எடையை வைத்து. விடாமல் வாந்தி, மூச்சுத் திணறல், நிற்காத இரத்தக் கசிவு, எழுப்பினாலும் விழிக்காத தூக்கம் இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குத் திரும்புங்கள்.

முதல் நாள் இரவே ஒரு தாளில் மூன்று நேரங்களை எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள்: கடைசிச் சாப்பாடு, கடைசிப் பால், கடைசித் தண்ணீர். பாட்டிக்கும் படித்துக் காட்டுங்கள். காரணம் தெரிந்துவிட்டால், பிள்ளை மைலோ கேட்டு அழும்போது தூக்கி வைத்துச் சமாதானம் சொல்ல முதலில் வருபவர் அவராகத்தான் இருப்பார்.