உப்பிலிருந்து பிறக்கும் அமிலமும் காரமும்

அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் கிடைக்கும். உயர்நிலைப் பள்ளி வேதியியலில் இந்தச் சமன்பாட்டை எழுதாமல் தேர்ச்சி பெற்ற மாணவர் இருக்க முடியாது. சமன்பாடு சரிதான். ஆனால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் காஸ்டிக் சோடாவைக் கலந்து யாரும் சமையலுக்கு உப்புத் தயாரிப்பதில்லை. நடைமுறையில் உப்புதான் முதலில் வருகிறது. அந்த அமிலமும் காரமும் அதிலிருந்து எடுக்கப்படுகின்றன. இந்தத் தலைகீழ்ப் பாதையைப் பார்க்கத் தூத்துக்குடி மாவட்டம் ஒன்றே போதும்.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் ஏறக்குறைய 27 கிராம் சோடியம் குளோரைடு. மீதி மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் உப்புகள். தூத்துக்குடி அளங்கள் பலவற்றில் கடல்நீரைவிடச் செறிவான நிலத்தடி உவர்நீரை இறைத்துப் பாய்ச்சுகிறார்கள். வெயிலும் காற்றும் நீரைக் குடிக்கக் குடிக்க, எந்த உப்பு எப்போது படியும் என்பதை 'டிகிரி' பார்த்துச் சொல்லிவிடலாம். மிதவைக் கண்ணாடிக் குழாய் காட்டும் அடர்த்திக் கணக்கு அது. கடல்நீர் சுமார் மூன்றரை டிகிரி. பதின்மூன்றை ஒட்டி ஜிப்சம் படியத் தொடங்குகிறது. இருபத்தைந்தைத் தாண்டியதும் சோடியம் குளோரைடு. முதலில் நீர்ப்பரப்பில் மெல்லிய ஏடாக மிதந்து, கனத்ததும் அடியில் இறங்கும். முப்பதை நெருங்கும்போது எஞ்சிய கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். தாமதித்தால் மெக்னீசியம் உப்புகளும் கூடவே ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் ஜாடி உப்பு கசிவதற்குப் பெரும்பாலும் மெக்னீசியம் குளோரைடுதான் காரணம். காற்றின் ஈரத்தை அது இழுத்துக்கொள்கிறது.

கல் உப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். படிகம் வளரும்போதே தனக்குள் நுண்ணிய துளிகளாக உவர்நீரைச் சிறைப்பிடித்திருக்கும். திருஷ்டி கழித்து அடுப்பில் போட்ட உப்பு படபடவென்று வெடிப்பது அந்தத் துளிகள் ஆவியாகிப் படிகத்தை உடைப்பதால்தான்.

இனி அதே மாவட்டத்தின் சாகுபுரத்துக்கு வருவோம். அங்கே உள்ள ஆலையில் உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடா எடுக்கிறார்கள். பொதுவாக இத்தகைய ஆலைகளில் கரைசலை முதலில் சுத்தம் செய்தாக வேண்டும். சலவைச் சோடாவும் காஸ்டிக் சோடாவும் சேர்த்தால் கால்சியமும் மெக்னீசியமும் வீழ்படிவாகப் பிரிந்துவிடும். பிறகு மின்னாற்பகுப்பு. நேர்மின்வாயில் குளோரின் குமிழியிடும், எதிர்மின்வாயில் ஹைட்ரஜன். இரு மின்வாய்களுக்கும் இடையே உள்ள சவ்வைக் கடந்து வரும் சோடியம் அயனியும் எதிர்மின்வாய்ப் பக்கம் தங்கிய ஹைட்ராக்சைடும் சேர்ந்ததுதான் காஸ்டிக் சோடா. வெளிவந்த இரு வாயுக்களையும் சேர்த்து எரித்து நீரில் கரைத்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம்.

கணக்கும் அழகாக நேர்படுகிறது. 58.5 கிராம் உப்பு, 18 கிராம் நீர்: மொத்தம் 76.5. கிடைப்பது 40 கிராம் காரம், 36.5 கிராம் அமிலம்: அதே 76.5. பாடநூல் சமன்பாட்டை வலமிருந்து இடமாகப் படித்தது போலிருக்கிறது.

ஆனால் இந்தத் திரும்பும் பயணம் இலவசம் அல்ல. அமிலத்தையும் காரத்தையும் கலக்கும்போது குவளை சூடாகிறதே, ஒரு மோலுக்குச் சுமார் 57 கிலோஜூல் வெளியேறுகிறது. பின்னோக்கிப் போக அதையும், அதற்கு மேலும் நாம் கொடுத்தாக வேண்டும். ஒரு டன் காஸ்டிக் சோடாவுக்கு இரண்டாயிரம் யூனிட்டுக்கும் அதிகமான மின்சாரம் செலவாகிறது. சோப்பு, காகிதம், பிவிசி குழாய், குடிநீரில் கலக்கும் குளோரின் எல்லாவற்றின் விலையிலும் இந்த மின்கட்டணம் இருக்கிறது.

வகுப்பில் விடாமல் தொடரும் ஒரு தவறான எண்ணத்தையும் சொல்லியாக வேண்டும். உப்பு என்றாலே நடுநிலை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். சலவைச் சோடாவும் உப்புதான். அதன் கரைசல் மஞ்சளைச் சிவப்பாக்கும் அளவுக்குக் காரத்தன்மை கொண்டது. படிகாரமும் உப்புதான்; அதன் கரைசல் நீல லிட்மஸைச் சிவப்பாக்கும். எந்த அமிலமும் எந்தக் காரமும் சேர்ந்து பிறந்தது என்பதைப் பொறுத்தே உப்பின் குணம்.

தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் பகுதி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பாடத்தை நடத்தும் வாரத்தில் பிள்ளைகளை ஒரு காலைப்பொழுது உப்பளத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கண் கூசும் வெயிலில் உப்பு வாரும் தொழிலாளர்களிடம் டிகிரி பற்றிக் கேட்கச் சொல்லுங்கள்.