நேர்முகத் தேர்வும் நுட்ப வினாக்களும்

கணிப்பொறி வாயிலாகப் பாடம் கற்பிக்கும் நிறுவனங்களில் பணிபுரிய விழைவோர் இன்று பலர். அப்பணிக்குரிய நேர்முகத் தேர்வில் கேட்கப்பெறும் நுட்ப வினாக்களுக்கு எவ்வாறு ஆயத்தம் செய்துகொள்வது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் அத்தகைய தேர்வொன்றுக்குச் சென்றார். மூடில் என்னும் கற்றல் மேலாண்மை மென்பொருள் 2002-ஆம் ஆண்டில் வெளிவந்தது என்பதும், பாடத்தொகுப்பு மாணவரின் மதிப்பெண்ணை அத்தகைய மென்பொருளுக்கு அறிவிக்கும் முறையை வகுப்பது ஸ்கார்ம் என்பதும் அவருக்கு மனப்பாடம். தேர்வாளர் வினவியதோ வேறு. “தேர்வு எழுதும்போது இணையத் தொடர்பு அறுந்துவிட்டால், மாணவி அதுவரை எழுதிய விடைகள் என்னாகும்?” என்றார். இளைஞர் வாய் திறக்கவில்லை; வேலையும் கிட்டவில்லை.

இதற்கு விடை யாது? ஒவ்வொரு விடையையும் முதற்கண் மாணவியின் கருவியிலேயே பதிந்து வைத்தல் வேண்டும். தொடர்பு மீண்டதும் அதனை நிறுவனத்தின் கணிப்பொறிக்கு அனுப்புதல் வேண்டும். ஒரே விடை இருமுறை சென்று சேரினும் ஒருமுறையே கணக்கில் ஏறுமாறு, ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் இடுதல் வேண்டும்.

மற்றொரு வினாவைக் காண்போம். வகுப்பில் மாணவர் 40 பேர். ஒருவர் படக்காட்சிப் பாடத்தைக் காண நொடிக்கு 500 கிலோபிட் வேண்டுமெனில், அனைவரும் ஒருங்கே காண 20 மெகாபிட் வேண்டும். பள்ளியின் இணைப்போ 10 மெகாபிட்டே. ஆதலின், பாடத்தை முன்னரே ஒருமுறை இறக்கிப் பள்ளிக் கணிப்பொறியில் வைத்து, அங்கிருந்து யாவர்க்கும் வழங்குவதே தக்க வழி. இத்தகைய கணக்கைத் தாளில் போட்டுக் காட்டப் பழகுங்கள்.

சட்ட அறிவும் வேண்டும். 2023-இல் இந்தியாவில் இயற்றப்பெற்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதோரைக் குழந்தைகளாகவே கொள்கிறது. அவர்தம் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைப் பொதுவிதியாக வகுக்கிறது.

இவற்றை நூலில் மட்டும் படித்தல் போதாது. சிறு பாடம் ஒன்றை நீங்களே ஆக்குங்கள். அண்டை வீட்டுச் சிறுவனிடம் அதைக் கொடுத்து, அவன் எவ்விடத்தில் இடறுகிறான் என்று உடனிருந்து நோக்குங்கள். அங்ஙனம் கண்டறிந்ததைத் தேர்வாளர்முன் தடுமாற்றமின்றிக் கூறலாம். அறியாததைக் கேட்டால், “அறியேன், ஆயினும் இவ்வாறு ஆராய்ந்து காண்பேன்” என்று கூற நாணவேண்டா.

அவ்விளைஞரும் பின்னர் இவ்வழியிலேயே முயன்றார். வேறோரிடத்தில் பணி பெற்றார். கருவியைப் பற்றிய வினா எதுவாயினும், அதனால் பயன்பெறும் குழந்தையை எண்ணி விடை கூறுங்கள். விடை தெளிவாக அமையும்.