டீசல்: பத்து ஆண்டுக் கணக்கு
தலைநகரில் கார் வாங்குபவர் கிலோமீட்டரோடு வருடங்களையும் எண்ண வேண்டியிருக்கிறது

தில்லி கரோல் பாகின் பழைய கார் கடைகளுக்கு டீசல் வண்டி தேடி வருபவர், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதற்கு முன்னால் எந்த வருடத்து வண்டி என்றுதான் கேட்கிறார். காரணம் இருக்கிறது.

2012 மே மாதக் கடைசியில் இதே நகரில் பெட்ரோல் லிட்டர் ரூ. 73.18. டீசல் ரூ. 40.91. விவசாயிக்கும் லாரிக்கும் என்று அரசு கொடுத்த மானியம் கார்காரர்களின் டாங்கிலும் நிரம்பியது. ஸ்விஃப்ட் டீசலுக்கு மாதக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கி.மீ., டீசல் கார் 20 கி.மீ. ஓடும் என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு மிச்சம் ரூ. 2.83. டீசலுக்காகக் கூடுதலாகக் கொடுத்த ஒரு லட்சம் சுமார் 35,000 கி.மீ.யில் கைக்கு வந்துவிடும்.

அந்த இடைவெளி நிலைக்கவில்லை. 2013 ஜனவரியிலிருந்து டீசல் விலையை மாதம் சுமார் 50 காசு என்று ஏற்றிக்கொண்டே போன அரசு, 2014 அக்டோபரில் கட்டுப்பாட்டை முற்றிலும் நீக்கியது. 2020 ஜூன் 24 அன்று தில்லியில் டீசல் ரூ. 79.88, பெட்ரோல் ரூ. 79.76! மாநில அரசு வாட் வரியை உயர்த்தியதன் விளைவு அது. அடுத்த மாதக் கடைசியில் வரியைக் குறைத்ததும் தலைகீழ் நிலை மாறியது. ஆனால் பழைய 32 ரூபாய் வித்தியாசம் திரும்பவில்லை. 2024 மார்ச் நடுவில் பெட்ரோல் ரூ. 94.72, டீசல் ரூ. 87.62. வித்தியாசம் ஏழு ரூபாய்.

இந்த விலையில், டீசல் காருக்கு ஒன்றரை லட்சம் அதிகம் என்றால் அதை மீட்க 77,000 கி.மீ.க்கு மேல் ஓட்ட வேண்டும். மாதம் ஆயிரம் கி.மீ. ஓட்டுபவருக்கு ஆறரை வருடம். மெட்ரோவில் ஆபீஸ் போய்விட்டு, காரை மாதம் 500 கி.மீ. மட்டும் ஓட்டும் குடும்பத்துக்குப் பதின்மூன்று வருடம்.

பதின்மூன்று வருடம் ஓட்ட விட்டால்தானே? பத்து ஆண்டுக்கு மேற்பட்ட டீசல் வண்டிகள் தில்லி வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. பெட்ரோலுக்கு வரம்பு 15 ஆண்டு. 2022 ஜனவரியில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான டீசல் வண்டிகளின் பதிவு ரத்தானது. அவற்றை வாங்கியபோது இப்படியொரு விதியே இல்லை. பதிவுப் புத்தகத்தில் 15 ஆண்டு என்றுதான் போட்டிருந்தது. சாலை வரியும் பெட்ரோல் காரைவிடக் கால் பங்கு கூடுதலாகக் கட்டியாயிற்று. மிஞ்சிய வழி, தடையில்லாச் சான்று வாங்கி வெளிமாநிலத்தில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவது அல்லது காயலான் கடை.

2025 ஜூலையில் வயதான வண்டிகளுக்கு பங்க்கில் எரிபொருள் மறுக்கும் திட்டம் வந்து, எதிர்ப்பில் சில நாளிலேயே நின்றுபோனது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நடவடிக்கைக்குத் தடை போட்டது. டிசம்பரில் அந்தச் சலுகையை பிஎஸ்-4 மற்றும் அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. பத்து வருடம் கழித்து எந்த உத்தரவு இருக்கும் என்று ஷோரூம்காரர் எழுதிக் கொடுக்கப்போவதில்லை.

அவர் சொல்ல மறக்கும் இன்னொரு விஷயம், கரித்தூள் வடிகட்டி. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபின் டீசல் கார்களின் புகைக்குழாயில் பொருத்தப்படுவது. சேரும் கரியை அது தானே எரித்துக்கொள்ளும். ஆனால் அதற்கு நல்ல சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடினால் சூடு கிடைக்கும். பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று இரண்டிரண்டு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் கரி அடைத்து, டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். முற்றினால் செலவு பல ஆயிரம். பிஎஸ்-6க்கு மாற்றும் செலவால் சின்ன டீசல் என்ஜினின் விலை கட்டுப்படியாகாமல் போகும் என்று கணக்குப் போட்டுத்தான் மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களையே நிறுத்தியது.

ஜெய்ப்பூருக்கும் சண்டிகருக்கும் ஓடி மாதம் 2,000 கி.மீ. காட்டுபவருக்குக் கணக்கு வேறு. அதே ஒன்றரை லட்சம் மூன்றேகால் வருடத்தில் திரும்பிவிடும், வடிகட்டியும் அடைக்காது. பெரிய, கனமான வண்டி என்றால் டீசலின் இழுவிசைக்கு இன்றும் மதிப்பு உண்டு. மற்றவர்கள் ஷோரூமுக்குப் போகுமுன், இப்போதைய வண்டி போன வருடம் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று சர்வீஸ் ரசீதைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. பலருக்கு அது தாங்கள் நினைத்ததில் பாதிதான் இருக்கும்.