டோர்ணக்கலில் ஒரு திருநெல்வேலித் தமிழர்

சென்னையிலிருந்து டெல்லி செல்லும் ரெயில் பாதையில், விஜயவாடாவுக்கும் காஜிப்பேட்டைக்கும் நடுவே டோர்ணக்கல் என்று ஒரு சந்திப்பு நிலையம் உண்டு. கொத்தகூடம் நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கிளைப் பாதை பிரிவது இங்கேதான். இன்று தெலங்கானா மாநிலத்தில் இருக்கும் இந்த ஊரை, வடக்கே பிழைக்கப் போகும் நம்மவர்கள் பலர் தூக்கத்திலேயே கடந்து விடுகிறார்கள். பிழைப்புக்காக அல்லாமல் ஊழியத்துக்காக இங்கே வந்து, இந்த மண்ணிலேயே அடக்கமான ஒரு தமிழர் உண்டு. அவர்தான் பிஷப் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

பட்டம் பெறாதவர்

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள வெள்ளாளன்விளையில் 1874-ம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தை அவ்வூர்ப் போதகர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தும் அசரியா பட்டம் பெறவில்லை. ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராகச் சுற்றினார்.

1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றக் காரணமாக இருந்தவர்களில் அவர் முதன்மையானவர். வெள்ளைக்காரர் பணத்தை எதிர்பாராமல், நம்மவர் காசில் நம்மவரே ஊழியம் செய்ய வேண்டும் என்பது சங்கத்தின் கொள்கை. சங்கம் தேர்ந்தெடுத்த இடம் டோர்ணக்கல். மற்றவர்களைப் போகச் சொன்ன அசரியா, 1909-ல் குருப்பட்டம் பெற்றுத் தாமே அங்கு போய்ச் சேர்ந்தார். பாஷை தெலுங்கு, அதைக் கற்றுக் கொண்டார். மனைவி அன்பு மாரியம்மாளும் பெண்களிடையே ஊழியம் செய்தார்.

நட்பைக் கேட்டவர்

1910-ல் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு நடந்தது. அங்கே அசரியா பேசியது பலருக்குக் கசந்தது. வெள்ளைக்கார மிஷனெரிகள் உழைப்பைத் தருகிறார்கள், பொருளைத் தருகிறார்கள். ஆனால் இந்தியரை நண்பராக நடத்துவதில்லை என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். 1912 டிசம்பர் 29-ந் தேதி கல்கத்தாவில் பிஷப்பாக அபிஷேகம் செய்யப்பட்டார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் அவரே. இந்தியருக்கு இந்தப் பதவியா என்று எதிர்த்தவர்களும் இருந்தார்கள்.

நான்கு பேய்கள்

அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா வகுப்புகளைச் சேர்ந்த ஏழைக் கூலிகள். மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போய் அவர்களைச் சந்தித்தார். ஜெபம் செய்தால் மட்டும் போதாது, வாழ்க்கையும் மாற வேண்டும் என்றார். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் விரட்ட வேண்டிய பேய்களாகச் சொன்னார். ஒருவரோடு ஒருவர் கலந்து உண்ணாத அந்த இரு வகுப்பாரும் சபைக்குள் ஒன்றாக வேண்டும் என்று போராடினார். அதில் முழு வெற்றி கிடைத்தது என்று சொல்ல முடியாது. ஆனால் கூலிக்காரர்களின் நடத்தை மாறியதைக் கண்ட மேல்சாதிக் குடும்பங்கள் சிலவும் 1930-களில் சபையில் சேர்ந்தன. பிரசங்கத்தைவிட நடத்தை அதிகம் பேசியது.

மதமாற்றம் குறித்துக் காந்தியடிகளுக்கும் அவருக்கும் கடும் கருத்து வேறுபாடு இருந்தது. ஆனாலும் கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி கூடாது என்பதில் அசரியா உறுதியாக நின்றார். அயலாரிடமிருந்து சபையைப் பிரித்து வைக்க அவர் விரும்பவில்லை. 1939-ல் திறக்கப்பட்ட டோர்ணக்கல் பேராலயமே அதற்குச் சாட்சி. கோயில் மண்டபத்தைப் போன்ற தூண்களும், மசூதியைப் போன்ற கும்மட்டங்களும் அதில் சேர்ந்து நிற்கின்றன.

1945 ஜனவரி 1-ந் தேதி அவர் காலமானார். அவர் பல்லாண்டு பாடுபட்ட தென்னிந்தியத் திருச்சபை, 1947 செப்டம்பர் 27-ந் தேதி உருவானது. அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

வெளி மாநிலத்தில் குடியிருக்கும் நமக்கு, மதம் எதுவானாலும், அவர் வாழ்க்கையில் பாடம் உண்டு. வந்த ஊரின் பாஷையைக் கற்க வேண்டும். கடனுக்கும் குடிக்கும் இடம் தரக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் எந்தச் சாதியானாலும் அவரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். காலையில் கும்பிட்ட தெய்வத்தை அன்று மாலை வரையாவது மறக்காமல் இருப்பவரை எந்த ஊரும் அந்நியராக நினைக்காது.