நிறுத்திய ஆலைக்குள் இறங்கும் முன்

ஆலங்குளத்தில் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளில், கம்பம் ஏறப்போகும் லைன்மேன் காதில் விழும் முதல் கேள்வி, "எல்.சி. வாங்கியாச்சா?" லைன் கிளியர் என்பதன் சுருக்கம் அது. ஊர் முழுக்க விசிறி நின்றிருந்தாலும் அந்த அனுமதி இல்லாமல் ஏறக் கூடாது. ஏறினாலும், மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் ராடு மாட்டாமல் கம்பியைத் தொடக் கூடாது. எங்கோ ஒரு கடையின் ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் பின்வழியாகத் திரும்பி வந்துவிடலாம்.

தூத்துக்குடி உர ஆலை போன்ற இடங்களில், பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் 'ஷட்டவுன்' வேலைக்கும் இந்த அச்சமே அடிப்படை. வால்வை மூடினால் போதாது. அது கசியலாம், விவரம் தெரியாமல் யாரேனும் திறந்தும் விடலாம். ஆகவே குழாய்கள் சேரும் இடத்தில் போல்ட்டைத் தளர்த்தி, கனத்த இரும்புத் தகடு ஒன்றைச் செருகுகிறார்கள். பெயர் 'பிளைண்ட்'. உள்ளே தங்கிய வாயுவை நைட்ரஜன் செலுத்தி விரட்டுகிறார்கள். அடுத்த எமன் அந்த நைட்ரஜன்தான். மணமில்லை, நிறமில்லை. காற்றில் சுமார் 21 சதவீதம் இருக்க வேண்டிய ஆக்சிஜன் 19.5க்குக் கீழே போனால் ஆள் இறங்கக் கூடாது. மயங்கியவரைத் தூக்கப் பதறி இறங்குபவரும் விழுவார். கிணறுகளிலும் கழிவுநீர்த் தொட்டிகளிலும் நாம் திரும்பத் திரும்பக் கண்ட கொடுமை இது. அதனால்தான் தொட்டியின் வாய் அருகே காவல் நிற்பவர், என்ன நடந்தாலும் உள்ளே இறங்காமல் மீட்புக் குழுவை அழைக்க வேண்டும்.

இத்தனையும் ஒரு காகிதத்தில் வந்து நிற்கிறது: பெர்மிட், அதாவது வேலை அனுமதிச் சீட்டு.

அதிலுள்ள செய்தி உரியவருக்குப் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும்? 1988 ஜூலை 6. வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை. ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பழுதுபார்க்கக் கழற்றி, திறந்த வாயை வெறும் தகட்டால் மூடியிருந்தார்கள். அந்தச் செய்தி இரவு ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை. மற்றொரு பம்பு நின்றதும் இதை ஓட்டினார்கள். வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள்.

வேலையே நடக்காத ஆலையும் ஆபத்துதான். 2020 ஊரடங்கில் விசாகப்பட்டினம் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலைத் தொட்டியில் தேங்கிக் கிடந்த ஸ்டைரீன் தானாகவே வினைபுரிந்து சூடேறியது. மே 7 அதிகாலை, அதன் ஆவி உறங்கிய ஊருக்குள் புகுந்து குறைந்தது 12 பேரைக் கொன்றது.

பெர்மிட் வாங்குவதைப் போலவே திருப்பிக் கொடுப்பதும் முக்கியம். ஆலையில் போட்ட பிளைண்டுகளைப் பட்டியலோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றாக எண்ணி எடுப்பார்கள். ஆலங்குளத்திலும் எல்.சி. வாங்கியவரே ஆட்கள் அனைவரும் இறங்கியதை உறுதிசெய்து, எர்த் ராடைக் கழற்றி, எல்.சி.யைத் திருப்பித் தந்த பிறகே மின்சாரம் வரும்.